ஆற்றங்கரை உணவகங்களில் சிறு பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இளம் பெற்றோரிடையே ஒரு பேச்சு எழுகிறது. பிறந்தநாளுக்கோ திருமண நாளுக்கோ சிங்கப்பூர் ஆற்றங்கரையிலும் மரினா பே ஓரத்திலும் இருக்கும் உயர்தர உணவகம் ஒன்றுக்குக் கைக்குழந்தையையும் மூன்று நான்கு வயதுப் பிள்ளையையும் அழைத்துச் செல்லலாமா, அல்லது அவர்களைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போய்வருவதுதான் முறையா என்பதே அந்தப் பேச்சு. பாலர் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவள், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தான் வேண்டும். அப்படிச் செல்வதற்கு உணவகங்களும் பெற்றோரும் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். அந்த ஏற்பாடுகளில் முதலாவது, ஓர் உணவகம் பிள்ளைகளுக்காக எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை முன்பதிவின்போதே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது. இந்த ஒன்று சரியாக நடந்தாலே பாதி மனக்கசப்பு குறைந்துவிடும்.

கடைத்தொகுதிக்குள் இருக்கும் உணவகங்களை விட்டுவிட்டு ஆற்றங்கரை உணவகங்களைப் பற்றி மட்டும் தனியே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கரை எந்தத் தனி முதலாளியும் உண்டாக்கியது அன்று. 1977இல் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றையும் கல்லாங் வடிநிலத்தையும் தூய்மைப்படுத்தவேண்டும் என்று இலக்கு வகுத்தார். அதற்காகப் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இடம் மாறின, தெருவோர வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர், 1983இல் சரக்குப் படகுகள் எல்லாம் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. 1987இல் அந்தப் பணி நிறைவேறியது. 1989இல் போட் கீயும் கிளார்க் கீயும் மரபுடைமைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டு, பழைய கடைவீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. இன்று அங்கே உணவருந்தும் ஒவ்வொருவரும் கண்டு மகிழும் அந்த நீரும் அந்தக் காட்சியும் மக்கள் வரிப்பணத்தாலும், தம் தொழிலையும் இடத்தையும் விட்டுக்கொடுத்த எளிய குடும்பங்களாலும் கிடைத்தவை.

நம்மவர்களுக்கு அந்தக் கரையோடு உள்ள உறவு இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஆற்றில் சரக்குப் படகு செலுத்தியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் பெரும் பங்கினராக இருந்தனர். போட் கீயை ஒட்டிய சூலியா ஸ்திரீட் அவர்கள் நினைவைத் தாங்கி நிற்கிறது. சற்றுத் தள்ளி மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. அந்தக் கிட்டங்கிகளின் தரையில் உட்கார்ந்து கணக்கெழுதியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் படிக்கிறார்கள். தங்கள் முன்னோர் படகு ஓட்டிய ஆற்றை ஒரு நல்ல மேசையில் உட்கார்ந்து, நல்ல உணவை உண்டபடி அவர்கள் பார்க்கவேண்டும் என்று நான் விரும்புவதில் என்ன தவறு இருக்கமுடியும்?

பிள்ளைகளை உயர்தர உணவகத்திற்கு அழைத்து வரக்கூடாது என்பவர்கள் பெரும்பாலும் இரைச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். ஆற்றங்கரையைப் பொறுத்தவரை இரைச்சல் இரண்டாம்பட்சம். பாதுகாப்புதான் முதல் கேள்வி, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. போட் கீயில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு தெரியும். சமையலறை கடைவீட்டுக்குள் இருக்கிறது, மேசைகளோ நீரோரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பொது நடைபாதை செல்கிறது. கொதிக்கும் சூப்பையும் இரும்புத் தட்டில் பொரிந்துகொண்டே வரும் இறைச்சியையும் ஏந்திக்கொண்டு பணியாளர்கள் நாள் முழுவதும் அந்த நடைபாதையைக் குறுக்காகக் கடக்கிறார்கள். சுற்றுப்பயணிகளும் மிதிவண்டிக்காரர்களும் அதே வழியில் போகிறார்கள். இருக்கையை விட்டு இறங்கி ஓடும் இரண்டு வயதுப் பிள்ளையின் தலை, தட்டு ஏந்தி வரும் பணியாளரின் முழங்கை உயரத்துக்குக்கூட எட்டாது. அவர் கண்ணில் அந்தப் பிள்ளை படவே படாது.

மறுபக்கம் தண்ணீர். கரைத் தடுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மூட்டை தூக்கியவர்கள் ஏறி இறங்கிய பழைய படிக்கட்டுகள் இன்னும் சில இடங்களில் நீரை நோக்கி இறங்குகின்றன. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருவதில்லை. முன்பு வற்றத்தின்போது சேறு தெரிந்த இடத்தில் இப்போது எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது. அந்த அழகுக்காகத்தான் மேசைகளை இயன்றவரை ஓரத்துக்குத் தள்ளிப் போடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் பிள்ளை கூச்சலிட்டு நம்மை அழைப்பதில்லை. பாட்டுக் கச்சேரியும் பேச்சொலியும் நிறைந்த ஒரு மாலையில், பின்புறம் திரும்பி உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு ஒன்றும் கேட்காது.

ஆகவே பிள்ளையோடு வரும் குடும்பத்துக்கு எந்த மேசையைக் கொடுப்பது என்பது மரியாதைக்காக எடுக்கவேண்டிய முடிவு அன்று. கரையோர மேசைதான் சிறந்த மேசை என்று எண்ணி, முன்பதிவு செய்தவர்களை மகிழ்விப்பதற்காக அதையே கொடுத்துவிடுகிறார்கள். பெற்றோரும் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை உள்ள குடும்பத்துக்குச் சுவரை ஒட்டிய மேசையோ, ஒரு பக்கம் தூணோ பூத்தொட்டி வரிசையோ உள்ள மேசையோதான் ஏற்றது. அங்கிருந்தும் ஆறு தெரியும். பிள்ளையின் நாற்காலி பணியாளர்கள் நடக்கும் பக்கம் இல்லாமல், உள்பக்கம் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே இருக்கவேண்டும். இதற்கு உணவகத்துக்கு ஒரு காசும் செலவில்லை. மேசைகளை ஒதுக்கும் பணியாளருக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

குழந்தை நாற்காலியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். உயர்தர உணவகங்களில்கூட எனக்குக் கிடைத்த மர நாற்காலிகள் சிலவற்றில் இடுப்பு வார் இல்லை, அல்லது வார் இருந்தும் அதை மாட்டும் கொக்கி உடைந்திருந்தது. வார் இல்லாத நாற்காலியில் ஒன்றரை வயதுக் குழந்தை முதலில் கீழ்நோக்கிச் சரியும், பிறகு மேசையை உந்திப் பின்னால் சாயும், சற்று நேரத்தில் எழுந்து நிற்கும். பலகை பாவிய தரையில் அந்த நாற்காலியின் கால் ஒன்று பலகை இடுக்கில் இறங்கினால் என்னவாகும் என்பதை நான் விவரிக்கவேண்டியதில்லை. உணவகங்கள் மதுக் கிண்ணங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகத் துடைக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை குழந்தை நாற்காலியின் வாரையும் கொக்கியையும் அதே அக்கறையோடு சரிபார்க்கக்கூடாதா?

எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒன்றையும் குறிப்பிடுகிறேன். உணவகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் இது ஓர் உணவகத்தின் குறை மட்டும் அன்று. என் மாமியாரின் அறுபதாவது பிறந்தநாளுக்காக நீரோரத்தில் இருந்த ஓர் உணவகத்தில் இணையம் வழியாக மேசை பதிவு செய்தோம். குழந்தைகள் இருவர், அவர்களின் வயது, ஒரு குழந்தை நாற்காலி தேவை, தள்ளுவண்டி கொண்டுவருவோம் என்று எல்லாவற்றையும் குறிப்புப் பகுதியில் எழுதினேன். உறுதிப்படுத்தும் செய்தியும் வந்தது. போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, கால் தரையில் எட்டாத உயரமான முக்காலிகள் போட்ட மேசை. குழந்தை நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் வேறொரு குடும்பம் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியை வாசலுக்கு வெளியே விட்டுவிடச் சொன்னார்கள். மேலாளர் மிகவும் பணிவாகத்தான் பேசினார், இரண்டு முறை மன்னிப்பும் கேட்டார். ஆனால் நாங்கள் எழுதி அனுப்பிய குறிப்பை அவர்களில் ஒருவரும் படித்திருக்கவில்லை. மூட்டுவலி உள்ள என் மாமியார் அந்த முக்காலியில் ஏற முடியாமல் நின்றதும், “நம்மால்தானே இவர்களுக்குத் தொந்தரவு, வேறு எங்காவது போய்விடலாம் அம்மா” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னதும் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. தம் பிறந்தநாளில், முழுக் கட்டணம் செலுத்தி வந்த இடத்தில், ஒரு மூதாட்டி தம்மைத் தொந்தரவாக எண்ணவேண்டிய நிலை வரலாமா? முடியாது என்று முன்னரே ஒரு வரி எழுதியிருந்தால், நாங்கள் மனத்தாங்கல் ஏதுமின்றி வேறிடம் பார்த்திருப்போம்.

இந்த இடத்தில், உயர்ந்த விலையும் பிள்ளைகளும் ஒத்துப்போகமாட்டா என்ற வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையோரத்தில் இருக்கும் கடலுணவு உணவகங்களுக்குப் போய்ப் பாருங்கள். நண்டு அங்கே கிலோ கணக்கில் விலை போகிறது, ஒரு குடும்பத்தின் கட்டணம் ஆற்றங்கரை உணவகத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததாக இருக்காது. ஆனாலும் தாத்தா பாட்டி முதல் தவழும் குழந்தை வரை மூன்று தலைமுறையும் ஒரே வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்த சில நிமிடங்களில் கேட்காமலேயே குழந்தை நாற்காலி வரும், சிறிய கிண்ணமும் பிளாஸ்டிக் கரண்டியும் வரும், உடையக்கூடிய குவளையும் கத்தியும் பிள்ளையின் கைக்கெட்டாத பக்கம் நகர்த்தப்படும். வெள்ளைச் சோறும் மந்தோ என்னும் பொரித்த சிறு ரொட்டியும் முதலில் வந்துவிடும். பிள்ளை அதைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போது பெரியவர்கள் நண்டுக்குக் காத்திருப்பார்கள். சில்லி நண்டும் நீரோரத்தில் பிறந்த உணவுதான். 1950களில் சேர் யாம் தியான் என்ற பெண்மணி தம் கணவரோடு கல்லாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கியதிலிருந்துதான் அதன் புகழ் வளர்ந்தது. குடும்பம் முழுவதும் வந்து உண்பதை அந்தக் கடலுணவுக் கடைகள் தொடக்கத்திலிருந்தே தங்கள் தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்டிருக்கின்றன. ஆற்றங்கரை உணவகங்கள் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

இரண்டு வகை உணவகங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உணவு வரும் வேகம். வரிசையாக ஒவ்வோர் உணவாகப் பரிமாறும் மேற்கத்திய முறையில் முழு விருந்து முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் வகுப்பறை அனுபவத்தில், மூன்று வயதுப் பிள்ளை ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்து உண்ணக்கூடிய நேரம் அரை மணிக்கும் குறைவு. அதற்கு மேல் உட்காரச் சொல்வது அந்த வயதின் இயல்புக்கு மாறானது, கண்டிப்பதால் அது மாறப்போவதும் இல்லை. எனவே பிள்ளையின் உணவை முதலிலேயே, பெரியவர்களின் முதல் உணவோடு சேர்த்துக் கொண்டுவந்துவிடவேண்டும். முதன்மை உணவோடு ஒன்றாகத்தான் வரும் என்று சொல்லும் உணவகங்களில் பிள்ளை முக்கால் மணி நேரம் பசியோடு காத்திருக்கிறது. பிறகு அது அழுவதைக் கண்டு எல்லாரும் பெற்றோரைப் பார்க்கிறார்கள். பசித்த பிள்ளையின் அழுகைக்கு வளர்ப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியவர்களுக்குப் பொறுக்கி எடுத்த மீனும் காய்கறியும் சமைக்கும் அதே சமையலறை, பிள்ளைகளுக்கென்று வரும்போது பொரித்த கோழித் துண்டுகளையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தவிர வேறெதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியவர்களின் உணவில் பாதி அளவை, உப்பையும் காரத்தையும் குறைத்து, முள் நீக்கிக் கொடுத்தாலே போதும். சைவக் குடும்பங்களுக்கு வெறும் சோறும் அவித்த காய்கறியும் கொஞ்சம் தயிரும் இருந்தால் பிள்ளையின் வயிறு நிறைந்துவிடும். திராட்சையையும் சிறு தக்காளியையும் முழுதாகத் தட்டில் வைக்காமல் நீளவாக்கில் நறுக்கி வைக்கவேண்டும். முழு முந்திரி, வேர்க்கடலை போன்றவற்றை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தட்டில் வைக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதும் சமையலறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து கொண்டுவரும் கஞ்சியையும் மசித்த இட்லியையும் அனுமதிக்கவேண்டும். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்ற விதி பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டது. ஹலால் சான்றிதழ் பெற்ற சமையலறைகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதை மதிக்கிறேன். அப்படிப்பட்ட இடங்கள் குழந்தைக்கான கஞ்சியைத் தாங்களே சமைத்துக் கொடுக்க முன்வரலாம்.

இதற்கெல்லாம் யார் செலவு செய்வது என்று உணவக உரிமையாளர்கள் கேட்கக்கூடும். நாங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் பதில். உணவுப் பட்டியலில் 100 வெள்ளி என்று இருந்தால் அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டையும் கூட்டிய தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி என்று கடைசியில் 119 வெள்ளி 90 காசு செலுத்துகிறோம். பிள்ளையின் தட்டுக்கும் அதே சேவைக் கட்டணம்தான். வரி அரசாங்கத்துக்குப் போகிறது. சேவைக் கட்டணத்துக்கு உரிய சேவை குழந்தைக்கும் கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது சலுகை கேட்பதாகாது.

நேரத்தைப் பற்றி ஒரு யோசனை கூறுகிறேன். இங்கே ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. பெரும்பாலான உணவகங்கள் இரவு உணவுக்காக ஆறு மணிக்குத் திறந்தாலும், ஏழரைக்குப் பிறகுதான் கூட்டம் சேர்கிறது. இடைப்பட்ட நேரத்தில் மேசைகள் காலியாகக் கிடக்கின்றன, பணியாளர்களும் ஓய்வாக நிற்கிறார்கள். அந்த ஆறு மணி முதல் ஏழரை வரையிலான நேரத்தைக் குடும்பங்களுக்கு உரிய நேரம் என்று வெளிப்படையாக அறிவித்து, அதற்கேற்ற சிறிய உணவுப் பட்டியலையும் வைத்தால் எல்லாருக்கும் நன்மை. பிள்ளைகள் வெளிச்சத்தில் படகுகளைப் பார்ப்பார்கள், அந்தி மங்கும்போது கட்டடங்களில் விளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்ப்பார்கள், எட்டு மணிக்கு மரினா பே சாண்ட்ஸ் முன்னால் நடக்கும் ஒளி, நீர்க் காட்சியைப் பார்த்துவிட்டு உறங்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்கள். அமைதியை நாடி வரும் இணையர்களுக்கு அதன் பிறகு இரவு முழுவதும் இருக்கிறது. அவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை தங்களுக்கென்று ஒரு மாலையை ஒதுக்கி வருபவர்கள் பக்கத்து மேசைக் கூச்சலைச் சகித்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்று நான் வாதிடவில்லை.

பெற்றோர் செய்யவேண்டியவற்றை இதைவிடக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளையை மேசைகளுக்கிடையே ஓடவிடுவது ஆபத்து என்பதை மேலே விளக்கியிருக்கிறேன். பணியாளரின் கையில் இருக்கும் சூப்பு சிந்தினால் வெந்துபோவது நம் பிள்ளையின் முகம். அழுகை ஓயாவிட்டால் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரவேண்டும். ஆற்றங்கரையில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஃபுல்லர்டன் பக்கம் கேவனா பாலத்தருகே, ஆற்றில் குதிக்கும் ஐந்து சிறுவர்களின் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. சிற்பி சோங் ஃபா சியோங் 2000ஆம் ஆண்டில் செய்தவை. பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், ஒரு சிறுவனின் கால் கரையை விட்டு எப்படி எழும்பியிருக்கிறது என்று கேள்வி கேட்பார்கள். பாலத்தின் முனையில் மாடுகளும் குதிரைகளும் போகக்கூடாது என்று சொல்லும் பழைய அறிவிப்புப் பலகையை வாசித்துக் காட்டினால், இங்கே மாடு வந்ததா என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் மேசைக்கு உணவு வந்திருக்கும். இரண்டு உணவுகளுக்கு இடையே இப்படிப் பத்து நிமிடம் நடத்திக் கூட்டிவந்தால் எந்தப் பிள்ளையும் இன்னொரு முறை உட்கார்ந்து சாப்பிடும்.

பலர் இதற்குப் பதிலாகக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டொலியைக் குறைக்காமலேயே அதை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டு, பிள்ளையின் வாயில் ஊட்டிக்கொண்டிருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். நீரோரத்துக்கு அழைத்துவந்து அந்தப் பிள்ளையின் கண்ணைத் திரைக்குள் அடைத்துவிட்டால் அது எங்கே போயிற்று, என்ன தின்றது என்பதே அதற்குத் தெரியாது. படம் வரையும் தாள், நான்கு வண்ணக் குச்சிகள், சிறு கதைப் புத்தகம் ஒன்று ஆகியவை பையில் இருந்தால் போதும். கிளம்பும் முன் தரையில் இறைந்த சோற்றைத் துடைத்தாளால் கூட்டி ஒரு தட்டில் போடுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் தட்டைத் திருப்பி வைப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியது, நாமும் பழகிக்கொண்டோம். விலை உயர்ந்த உணவகத்தில் சேவைக் கட்டணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, ஒருவர் மண்டியிட்டு நம் பிள்ளை சிந்தியதைப் பொறுக்கவேண்டும் என்று விட்டுவருவது நல்ல குடும்பத்துக்கு அழகன்று.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்கமுடியவில்லை. பல மேசைகளில் பிள்ளையைக் கவனித்துக்கொள்வதற்காக இல்லப் பணிப்பெண்ணையும் அழைத்து வருகிறார்கள். குடும்பத்தினர் உண்கிறார்கள். அவரோ மேசையின் ஓரத்தில், முன்னால் தட்டுகூட இல்லாமல், பிள்ளைக்கு ஊட்டிவிட்டுக்கொண்டோ தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இதை என் வகுப்புப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். எங்கள் பாலர் பள்ளியில் உணவகம் அமைத்து விளையாடும்போது ஒரு சிறுமி, “நீ ஆன்ட்டி, உனக்குச் சாப்பாடு கிடையாது” என்று தோழியிடம் சொன்னதைக் கேட்டு நான் திகைத்து நின்றேன். மேசையில் நடந்துகொள்ளும் முறையைக் கற்றுக்கொடுக்கத்தான் பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துச் செல்கிறோம் என்றால், உடன் வந்தவர்கள் அனைவருக்கும் ஒரு நாற்காலியும் ஒரு தட்டும் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதற்கு வசதி இல்லையென்றால் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் இடத்துக்குப் போகலாம்.

பிள்ளைகளை அறவே அனுமதிக்காத உணவகங்களும் இருக்கின்றன. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. மது அருந்துவதற்காகவே அமைந்த இடங்களும், பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் அமரும் மிகச் சிறிய இடங்களும் இத்தனை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதிவைத்தால் அதை மதித்து ஒதுங்கிக்கொள்வோம். வாயால் வரவேற்று, மேசையிலும் நாற்காலியிலும் பார்வையிலும் வேண்டாம் என்று காட்டும் இடங்கள்தான் மனத்தைப் புண்படுத்துகின்றன. 2023இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 0.97 ஆகக் குறைந்தது குறித்து நாம் எல்லாரும் கவலையோடு பேசினோம். ஊக்கத்தொகையும் விடுப்பும் தேவைதான். அத்தோடு, குழந்தையோடு பொது இடத்துக்கு வரும் ஓர் இளம் தாய் முகச்சுளிப்பைச் சந்திக்காமல் ஒருவேளை உணவை உண்டு திரும்பமுடிகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். திருமணமான என் இளைய சக ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஆகவே ஆற்றங்கரையிலும் மரினா பேயிலும் உணவகம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் முன்பதிவுப் படிவத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு வயதையும் கேளுங்கள். வார் பொருந்திய குழந்தை நாற்காலிகள் எத்தனை இருக்கின்றன, தள்ளுவண்டியை உள்ளே கொண்டுவரலாமா, கழிப்பறைக்குப் படியேறவேண்டுமா, குழந்தைக்கு அணையாடை மாற்றும் பலகை ஆண்கள் பக்கமும் உண்டா, புகைபிடிக்க ஒதுக்கிய மூலை எந்தப் பக்கம் இருக்கிறது ஆகிய விவரங்களை அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். பழைய கடைவீடுகளில் படி செங்குத்தாகவும் இடம் குறுகலாகவும் இருப்பது எங்களுக்குத் தெரியும், அவற்றை இடித்துக் கட்டும்படி யாரும் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் அதற்கேற்பக் குழந்தையை இடுப்புத் துணியில் கட்டிக்கொண்டு வருவதா, தள்ளுவண்டியோடு வேறிடம் போவதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். பதிவு செய்தவர் எழுதும் குறிப்பை, மேசை ஒதுக்கும் பணியாளர் அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒருமுறை படித்துவிடவேண்டும்.

ஜூன் விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை அதற்குள் செய்து முடிக்கலாம். இப்போதே இப்படி நடந்துகொள்ளும் உணவகங்களைத் தெரிந்த வாசகர்கள் இப்பகுதிக்கு எழுதினால், என்னைப் போன்ற பெற்றோர் பலருக்கு அது பயன்படும்.

இப்படிக்கு,
பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர்,
செங்காங், சிங்கப்பூர்.